இடுப்பு வாரின் நுனி

பக்கிளுக்கு வெளியே தொங்கிய வாரை மூன்றாய் மடித்து, இடுப்புப் பட்டைக்குள் செருகினார் குண்டண்ணன்.

மச்சினன் உடை மாற்றிவிட்டு வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

மீன் காட்சியகத்தின் பெரிய தொட்டிக்குள் இறங்கி, கண்ணாடியின் உள்பக்கத்துப் பாசியைத் தேய்ப்பது இவர்கள் இருவருடைய வேலை. குண்டண்ணன் என்பது தொப்பையோடு மிதந்த காலத்தில் யாரோ வைத்த பேர். தொப்பை போய்விட்டது, பேர் போகவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஆளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதுவும் ஒரு வசதிதான்.

தோளிலும் மார்பிலும் இடுப்பிலும் வார்கள் உடம்போடு ஒட்டியிருந்தால்தான் முதுகில் காற்றுச் சிலிண்டர் ஒழுங்காக உட்காரும். தளர்ந்தால் ஒரு பக்கம் சரியும், குனிந்தால் பிடரியில் இடிக்கும். உடம்பு இளைக்க இளைக்க, அவரும் இறுக்கிக்கொண்டே வந்தார். பக்கிள் வருஷக்கணக்காக அழுத்திய இடத்தில் வாரில் ஒரு வெளுத்த தழும்பு உண்டு. அந்தத் தழும்பு இப்போது பக்கிளைத் தாண்டி, தொங்குகிற நுனிக்கு வந்துவிட்டது.

டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பயம். வேறென்ன? மனைவியிடம் டயட் என்று சொல்லிவைத்திருந்தார். மச்சினனிடம் சொல்வதும் மைக் வைத்து ஊருக்குச் சொல்வதும் ஒன்று. மனைவியின் தம்பி, சரியான ஓட்டை வாய். சாயங்காலத்துக்குள் விஷயம் அக்கா காதுக்குப் போய்விடும்.

இறங்குவதற்கு முன்னால் ஒருவர் வாரை மற்றவர் இழுத்துப் பார்க்க வேண்டும். மச்சினன் வந்து தோளை இழுத்தான், மார்பை இழுத்தான், இடுப்பை இழுத்தான்.

“டைட்டா இருக்கா மாமா?”

“எல்லாம் இருக்கு, இறங்கு.”

அவனுடைய வாரை இவர் ஒப்புக்கு ஒரு தட்டு தட்டினார். அதற்கு மேல் தெம்பில்லை.

கொழுத்த உடம்பு தண்ணீரில் மேலே மேலே வரும். அதை அமுக்கத்தான் இடுப்புப் பையில் ஈயக்கட்டிகள். இளைத்தவனுக்கு அத்தனை ஈயம் ஆகாது என்று குண்டண்ணனுக்குத் தெரியாதா என்ன? ஆனால் கட்டியை எடுத்து அலமாரியில் வைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள், நாலு கேள்வி வரும். எதற்கு வம்பு? காலையில் மச்சினன் கோத்துவைக்கிற சாமான்களை அப்படியே மாட்டிக்கொண்டு இறங்குவார். தினமும் தரையில் பொத்தென்று போய் உட்கார்ந்து, எழுந்து தேய்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இன்றைக்கு உட்காரவில்லை.

பாதித் தண்ணீரில் உடம்பு தானாக நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. அந்தக் காலத்தில் நின்ற மாதிரியே நின்றது.

நாலு நாளாகத் தொண்டைக்குள் இறங்காத சோற்றை வம்படியாகத் தள்ளியது வீண் போகவில்லை, உடம்பில் ஒட்டிவிட்டது. தேறிவிட்டோம். அப்பாடா. இனிமேல் ஸ்கேனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு சின்னப் பெண் கை ஆட்டினாள். குண்டண்ணன் அவளுக்காக ஒரு குட்டிக்கரணம் போட்டார். போட்டு எத்தனை காலமாயிற்று! முகமூடிக்குள் கண் கலங்கியது. துடைக்கவா முடியும்?

கீழே மச்சினன் தரையோடு தரையாக நடந்துகொண்டிருந்தான். எப்போதும் வழுக்கிக்கொண்டு போகிறவன், இன்றைக்கு ஒவ்வொரு காலையும் பெயர்த்து வைத்தான். உனக்கும் வயசாயிடுச்சுடா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

இடைவேளைக்கு மேலே வந்தார்கள். மச்சினன் எல்லாவற்றையும் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். கழற்றி மாட்டுவதற்குச் சோம்பல்பட்டு, குண்டண்ணன் சிலிண்டரோடு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். இடைஞ்சலாகக் கிடந்த அவனுடைய இடுப்புப் பையை நகர்த்தப் பார்த்தார். கனமென்றால் அப்படி ஒரு கனம்.

என்னத்தைத்தான் சுமக்கிறான் என்று பையைத் திறந்தார்.

அவனுடைய கட்டிகளுக்கு மேலே, சிவப்பு நெயில் பாலிஷ் பூசிய கட்டிகள் இருந்தன. குண்டண்ணனின் கட்டிகள் மாறிப்போகக் கூடாதென்று அவர் மகள் பூசிக் கொடுத்தவை.

குண்டண்ணன் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பை தொளதொளவென்றிருந்தது. ஆள் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாதென்று மச்சினன் சமமாக எடுத்திருந்தான். அலமாரியில் வைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று, அத்தனையும் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியிருந்தான்.

உடம்பு தேறவில்லை. சோறு ஒட்டவும் இல்லை.

ஓட்டை வாய் எத்தனை நாளாக இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்ததோ. அக்காவிடம்கூட மூச்சு விடவில்லையே.

மடித்துச் செருகியிருந்த நுனியை அவர் உருவி வெளியே விட்டார். அது தொடையைத் தாண்டித் தொங்கியது.

மச்சினன் வந்தான். திறந்து கிடந்த பையைப் பார்த்தான், வாரைப் பார்த்தான். எப்போதும் போல இழுத்துப் பார்க்க இடுப்பில் கை வைத்தான்.

“இழுக்காதே மாப்ள, கழட்டு. நாளைக்கு ஸ்கேன் எடுக்கப் போகணும், நீ கூட வா.”

ஆபத்து என்றால் ஒற்றைக் கையால் பட்டென்று திறக்கும்படி செய்த பக்கிள் அது. மச்சினன் குனிந்த தலை நிமிராமல், இரண்டு கையாலும் அதைத் திறக்கப் பார்த்துக்கொண்டே இருந்தான்.