அதே எழுத்தில் முடியும் சொல்

நீளமான ஆங்கிலச் சொற்களுக்கு அர்த்தம் சொல்வதில் டியூஷன் வாத்தியார் அருமைநாயகத்தை மிஞ்ச ஆளில்லை. ஒரே எழுத்துகளில் முடியும் சொற்களைக் கோத்துப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பார். விருந்தாளி வந்தால் மனைவி ஸ்டெல்லாவே, “அந்தப் பெரிய வார்த்தையச் சொல்லுங்க” என்பாள்.

அவளுடைய ஸ்கேனைப் பார்த்த டாக்டர் அப்படியொரு சொல்லைச் சொன்னார். அதன் கடைசி எழுத்துகள் மட்டுமே அருமைநாயகத்துக்குப் பழக்கமானவை.

“புரியுதுங்களா சார்?”

“அவரு இங்கிலீஷ் வாத்தியாருங்க” என்றாள் ஸ்டெல்லா. அருமைநாயகம் தலையாட்டினார். டாக்டர் மேற்கொண்டு விளக்காமல் அடுத்த வாரம் வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் கேட்டாள். “என்னங்க அது?”

அதே எழுத்துகளில் முடியும் வேறொரு சொல்லின் அர்த்தத்தைச் சொன்னார். “வெறும் வீக்கம்.”

அவள் முகம் தெளிந்தது. அங்கேயே பெஞ்சில் அவருடன் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டாள். “ஒண்ணுமில்லக்கா, வீக்கந்தானாம். டாக்டர் எங்க சொன்னாரு? இவருதான் சொன்னாரு. இவருக்குத் தெரியாத வார்த்தையா?”

டாக்டர் அறையின் கதவு இன்னும் திறந்தே இருந்தது. அருமைநாயகம் எழுந்தார்.

“எங்க போறீங்க?”

“தண்ணி குடிக்க” என்று அந்தக் கதவுக்கு எதிர்த்திசையில் நடந்தார்.