பொட்டு வைத்த காமிரா

மில் பெண்கள் தங்குகிற விடுதி அது. குளியலறைக்குப் போகிற வழியிலே ஒரு சுவரில் பழைய கண்ணாடி, எதிர்ச்சுவரில் புதிதாக வந்த காமிரா. காமிராவுக்கு ஒரே மனக்குறை. வேலை முடிந்து வருகிற பெண்கள் கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பார்கள், நாக்கைத் துருத்துவார்கள், நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் மேலேயே ஒட்டிவிட்டுப் போவார்கள். காமிராவைக் கண்டாலோ துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்து நடப்பார்கள்.

"அக்கா, நானும் பார்க்கத்தானே செய்றேன்? என்கிட்ட மட்டும் ஏன் இந்த மூஞ்சி?" என்று கேட்டது காமிரா.

"நான் பார்த்ததை அங்கேயே விட்டுடுவேன் தம்பி. நீ என்ன பண்றே?" என்றது கண்ணாடி.

"ஆபீசுக்கு அனுப்பிடுவேன். இந்தப் பொண்ணுங்க பாதுகாப்புக்குன்னு சொல்லித்தானே என்னை மாட்டினாங்க?"

"அங்கே யாரு உட்கார்ந்து பார்க்கிறா?"

"அதை யாரும் எனக்குச் சொல்லலையே."

"அந்தப் பொண்ணுங்களுக்கும் சொல்லலை. போய்க் கேட்டதுக்குத் திட்டுதான் கிடைச்சுது."

மறுநாள் முத்துப்பேச்சி என்கிற பெண் ஸ்டூல் போட்டு ஏறினாள். கண்ணாடியில் இருந்த பெரிய சிவப்புப் பொட்டை எடுத்துக் காமிராவின் கண்ணிலே ஒட்டினாள். "அழகா இருக்கேடா ராசா!" என்று போனில் படம் பிடித்து, மற்ற விடுதிகளில் இருக்கிற பெண்களுக்கும் அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் அங்கேயும் காமிராக்கள் பொட்டு வைத்துக்கொண்ட படங்கள் வந்து குவிந்தன.

காமிராவுக்கு உலகமே இருட்டிவிட்டது. "அக்கா, ஒண்ணும் தெரியலையே!" என்று அலறப் போனது. அப்போதுதான் தனக்குக் கீழேயே நின்று அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிப்பது அதற்குக் கேட்டது. அந்தச் சிரிப்பை ஆபீசுக்கு அனுப்ப வழியில்லை. தன்னோடே வைத்துக்கொண்டது.