உப்பில்லாச் சாப்பாடு

“உம்மா பேரு?”

“நான்தான்மா உம்மா.”

“இல்ல ஹஜ்ஜா, கணக்கு வச்சிருக்கிறவரோட உம்மா பேரு. பாதுகாப்புக் கேள்வி இது.”

“அதைத்தானே சொல்றேன். இன்ஸாஃப். என் பேரை நானே சொன்னாலும் நம்ப மாட்டேங்குறே. இன்னும் ஹஜ்ஜுக்கே போகலை, அதுக்குள்ள ஹஜ்ஜாங்குறே.”

திரையில், எங்கள் விமான நிறுவனக் கணக்கில் இருந்த பதிலும் இன்ஸாஃப்தான்.

பிறந்த தேதி, படித்த பள்ளி, முதன்முதலில் வாங்கிய கார் என்று எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொல்லியிருந்தார். ஆனால் அந்தக் கேள்விகள் எல்லாம் தைஸீர் என்ற முப்பத்தாறு வயது ஆணுக்கானவை. நான் அப்போதே மன்னிப்புக் கேட்டு இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும்.

துண்டிக்கவில்லை.

“ரெண்டு நாளா உள்ளே போக முடியலைம்மா. எவனோ திருடன் பாஸ்வேர்டை மாத்திட்டான். பிள்ளை பறந்து பறந்து சேர்த்த மைல் அத்தனையும் போயிடும். நீ ஏதாவது பண்ணு.”

“உங்க மகனையே பேசச் சொல்லுங்களேன்.”

இர்பித் ஊரிலிருந்து அம்மான் நகரில் இருக்கும் எங்கள் அழைப்பு மையத்துக்குக் கதை துண்டு துண்டாக வந்தது.

வாப்பாவுடன் சண்டை போட்டுக்கொண்டு போனவன். மூன்று வருடமாகப் பேச்சில்லை. கைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான். ஆனால் இந்தப் பாஸ்வேர்டை மட்டும் மாற்ற மறந்துவிட்டான். சண்டைக்கு முந்தைய நாட்களில் அவன் பயணப் பெட்டியை மூடிக்கொண்டிருக்கும்போது, கைபேசியில் அதைப் போட்டு அவனுக்கு விமான இருக்கை எடுத்துக் கொடுத்தது இவர்தான்.

“தினம் விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு, கணக்குக்குள்ள போய்ப் பார்ப்பேன். வேற ஒண்ணையும் தொட மாட்டேன். ரமலான்ல மஸ்கட்ல இருந்தான். போன மாசம் ரெண்டு தடவை இஸ்தான்புல். முன்னெல்லாம் ஜன்னல் பக்கம்தான் வேணும்பான், இப்ப நடைவழிப் பக்கம் எடுக்குறான். கால் நீட்டணும் போல.”

நான் திரையை மேலே தள்ளினேன். கீழே தள்ளினேன். எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது.

“அப்புறம் உப்பில்லாச் சாப்பாடு கேட்டிருக்கான்மா. ரெண்டு பயணத்துலயும். இந்த வயசுல அவனுக்கு எதுக்கு உப்பில்லாச் சாப்பாடு? யார்கிட்ட போய்க் கேப்பேன், சொல்லு.”

மேற்பார்வையாளர் பஷார் என் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றார். “என்ன லுபானா, சம்பந்தம் பேசி முடிச்சாச்சா? ஒன்பது நிமிஷம் ஓடிடுச்சு.”

நான் கையைக் காட்டினேன். அவர் நகர்ந்தார்.

கணக்கின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. நேற்று முன்தினம், பகல் இரண்டு பத்துக்கு, வேறு யாரோ ஒரு பணியாளர் எழுதியது.

‘உறுப்பினர் தொலைபேசியில் அழைத்தார். தினமும் விடியற்காலையில் யாரோ தன் கணக்கில் நுழைவதாகப் புகார். எந்த ஊரிலிருந்து என்று கேட்டார். இர்பித் எனத் தெரிவிக்கப்பட்டது. அதன்பின் உறுப்பினர் பேசவில்லை. இணைப்பில் இருக்கிறாரா என இருமுறை கேட்கப்பட்டது. பிறகு, பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொன்னார்.’

ஒருமுறை படித்தேன். கடைசி வரிக்கு முந்தைய வரியை மட்டும் மறுபடி படித்தேன்.

“என்னம்மா, இருக்கியா?”

“இருக்கேன். போன்ல கூப்பிட்டு மாத்தியிருக்கு ஹஜ்ஜா. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

“யார் கூப்பிட்டது?”

“அதைச் சொல்றதுக்கு எனக்கு அனுமதி இல்லை.”

“திருடன்தானே?”

கேள்வி மாதிரி இல்லை அது. கடையில் கடைசியாக மிஞ்சிய ஒன்றை, எனக்குக் கொடுத்துவிடு என்று கேட்பது மாதிரி இருந்தது.

“திருடன்தான் ஹஜ்ஜா,” என்றேன்.

ஆறு வருட வேலையில் இவ்வளவு சுலபமாக நான் எதையும் சொன்னதில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். திருட்டுக்கு யாராவது இறைவனைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. உடனே, “அப்ப கணக்கைப் பூட்டிட்டியா?” என்றார்.

நான் திரையில் ‘பூட்டு’ என்ற பொத்தானைப் பார்த்தேன்.

“போன வருஷம் என் தங்கச்சியோட வங்கி அட்டையை எவனோ திருடினப்போ, வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே பூட்டிட்டாங்க. நூறு கேள்வி கேட்டாங்க. நீ திருட்டைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே.”

பூட்டுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பூட்டினால் எங்கேயோ ஒரு விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும் தைஸீருக்குச் செய்தி போகும். அவன் மறுபடி இங்கே அழைப்பான். மறுபடி அதே ஊரின் பெயரை யாராவது அவனிடம் சொல்ல வேண்டிவரும்.

பேனாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன். மறுமுனையில் யாரோ தெருவில் வண்டியில் பாட்டுப் போட்டு எரிவாயு உருளை விற்றுக்கொண்டு போனார்கள். அந்தப் பாட்டு நெருங்கி வந்து, விலகி, தேய்ந்து போனது.

“சரி, திருடனாவே இருக்கட்டும்,” என்றார். குரல் இப்போது நிதானமாக இருந்தது. “நீங்க பேசறதெல்லாம் பதிவு பண்றீங்கள்ல. அந்தத் திருடன் கூப்பிட்டதும் இருக்கும்.”

“ஹஜ்ஜா...”

“திருடனோட குரலை நான் கேட்டா யாருக்கு என்னம்மா நஷ்டம்? ஊர் வேணாம், நம்பர் வேணாம். சலாம் சொல்லியிருப்பானே, அந்த இடம் மட்டும். ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுறியா?”