பின்னாலிருந்து ஒரு பிடி

மகள் தாய்ச்சி தற்காப்பு வகுப்பில் சேர்ந்ததில் அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"எங்கே, என்னை ஒரு ரவுடின்னு நெனச்சுக்கோ," என்று அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுத்தார்.

அவள் திமிறவில்லை. இழுத்த பக்கமே சாய்ந்து, இடுப்பை மெல்லத் திருப்பினாள். பிடி நழுவி, சோபாவில் போய் விழுந்தார்.

"சபாஷ்டி! அடுத்து என்ன?"

"பின்னாலிருந்து முடியைப் பிடிச்சா எப்படித் தப்பிக்கிறதுன்னு மாஸ்டர்கிட்ட தனியாக் கேட்டுக் கத்துக்கிட்டேன்."

"அதையும் காட்டு, பார்ப்போம்!"

"அது எனக்கில்லப்பா, அம்மாவுக்கு. நீங்க அவங்களை அப்படித்தானே பிடிப்பீங்க?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

அவருக்குத் தன் கைகளை எங்கே ஒளித்துவைப்பதென்று தெரியவில்லை.