தொட்டிக்கு வெளியே இருந்த வீடு

அலை வந்து அடித்ததும் மரக்கட்டை மறுபடியும் சரிந்து தண்ணீரில் விழுந்தது.

தீப்பெட்டி அளவுக் கட்டைதான். ஆனால் பேராசிரியருக்கு அது அக்காவின் வீடு. ஒவ்வொரு முறையும் அதை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்தார்.

கடலியல் பல்கலைக்கழகத்தின் அலைத்தொட்டி அது. மணலைக் கொட்டி, அளவெடுத்து, ஒரு கரையையே உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். பல வருடக் கடலை ஒரே பகலில் அடித்துக் காட்டிவிடும் இயந்திரம்.

மணலில் நட்ட தடுப்புச்சுவருக்குப் பின்னால் கடைத்தெருவும் மருத்துவமனையும் குண்டுக்கல்லாட்டம் நின்றன. சுவரில் முட்டிய அலைதான் சும்மா போகவில்லை. ஓரமாகத் திரும்பி, சுவர் முடிகிற இடத்தில் கரையைக் கரைத்தது. அங்கேதான் அக்கா வீடு.

பழைய சோதனைகளில் இது தெரியவே இல்லை. எப்படித் தெரியும்? அப்போதைய தொட்டி சின்னது. சுவர் முடிந்த இடத்திலேயே தொட்டியும் முடிந்தது. தொட்டி முடிந்தால் கடல் முடிந்துவிடாது என்பது சுவருக்காக அத்தனை கூட்டம் போட்ட அத்தனை பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இவருக்கும்தான்.

சுவரை நீட்டினார். அக்கா வீடு நின்றது. அதற்கடுத்த தெரு மொத்தமாகப் போயிற்று.

கல்லைக் கொட்டிப் பார்த்தார். மணலைக் கூட்டிப் பார்த்தார். கட்டை விழுந்தது.

சுவரைப் பிடுங்கிப் போட்டார். கடைத்தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது.

வேறு எதைச் செய்வது என்று தெரியாமல், ஈரக் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது.

கைபேசி அடித்தது. அக்கா.

"ஏண்டி, உங்க மாமா மாடி எடுக்கலாங்கறாரு. நீ போட்டுக் குடுத்த சுவரு வந்த பிறகு எங்களுக்கு என்ன பயம், சொல்லு?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்பாளே.

தொட்டிச் சுவரைப் பிடுங்க ஒரு கை போதும். கரையில் அந்தச் சுவர் எழும்பி ஒரு வருடம் ஆகிறது. திறப்பு விழாவில், என் தங்கச்சி கட்டினது என்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிக் கைதட்டியது அக்காதான்.