யாக்கோப்பு பிடுங்கின தடிகள்

இயந்திரம் சரியென்று சொன்ன பாதையில் மாடு மிதிவெடியில் சிக்கிச் செத்தது.

மண்டைதீவு, 2003. சண்டை நின்றிருந்த சமாதான காலம். கடற்கரைக்குப் போகிற வெளி முழுக்க மிதிவெடி.

வெளிநாட்டில், செவ்வாய்க் கிரகத்து வண்டிக்குப் பாதை போடுகிற வேலை கோபிசங்கருக்கு. கல், பள்ளம், சரிவு எல்லாம் பார்த்துத் தன் வழியைத் தானே தெரிந்தெடுக்கும் வண்டி. அதைப்போல ஒன்றைச் சின்னதாகச் செய்து, முன்னுக்கு, இரும்பை உணர்ந்து வெடி தேடும் கருவி பூட்டி, ஊருக்குக் கொண்டுவந்தான். வண்டி போன வழிக்கு வெள்ளைத் தடி நட்டார்கள்.

மாடு செத்த பிறகு வேறு பாதை போட்டான். திரும்பவும் தடி நட்டார்கள். மறுநாள் சனம் அதால்தான் கரைக்கு இறங்க வேண்டும்.

விடியப் பார்த்தால் தடிகளைக் காணோம். மூத்த மீனவர் யாக்கோப்பின் கக்கத்தில் இருந்தன.

அடுத்தவன் வலைத் தடியைத் தொட்டவனோடு மண்டைதீவில் ஒருவரும் கடல் தொழிலுக்குப் போகமாட்டார்கள். அந்தச் சட்டத்தை முப்பது வருசம் காத்தவரே யாக்கோப்புதான்.

"விறகுக்கோ அண்ணை?" அவரோடு தொழிலுக்குப் போகும் றொபேட் கேட்டான்.

"ஓம். விறகுக்குத்தான்."

மரியநாயகிக்குப் பொறுக்கவில்லை. ஐந்து வருசத்துக்கு முன் அவள் புருசன் வின்சன்ற் இந்த வெளியில்தான் வெடி மிதித்துச் செத்தவன்.

"என்ரை மனுசனைத் திண்ட நிலம் இது. உங்களுக்கு அடுப்பெரிக்க வேறை தடி கிடைக்கேல்லையோ?"

யாக்கோப்பு தடிகளை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"நேற்று நட்ட இடத்திலேயே நடுங்கோ," என்றான் கோபிசங்கர். "நடக்கச் சுகமான வழி அதுதான். இந்தமுறை வண்டி பிழைவிடாது."

"தம்பி, செவ்வாயிலை ஆக்கள் இருக்கினமோ?" யாக்கோப்பு கேட்டார்.

"இல்லை."

"அப்ப அங்கை பிழைவிடாது. இஞ்சை, நடக்கச் சுகமான இடமாப் பாத்துத்தான் மண்ணுக்குள்ளை வெடி தாட்டது. எல்லாம் பிளாஸ்ரிக். உம்மடை கருவிக்கு ஏலாது. அந்த முள்ளுப் பத்தைக்குள்ளாலை போங்கோ. அதுக்குள்ளை ஒண்டும் இல்லை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" மரியநாயகி கேட்டாள்.

தடிகளைக் கீழே போட்டார்.

"எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறன்."

"துவக்கைப் பிடரியிலை வைச்சு, வெடி வைக்க என்னைக் கொண்டு கிடங்கு வெட்டுவிச்சவங்கள். நாப்பத்திரண்டு."

மரியநாயகி ஒரு அடி முன்னுக்கு வந்தாள்.

"வின்சன்ற் மிதிச்சது?"

"பதினேழாவது."

சனம் பின்னுக்கு நகர்ந்தது. றொபேட் காறித் துப்பினான். வெடி தாட்டவனின் சொல்லை நம்பிப் பத்தைக்குள் கால் வைக்க ஆளில்லை. கோபிசங்கர் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நடவுங்கோ முன்னுக்கு," என்றது ஒரு குரல்.

யாக்கோப்பு பத்தைக்குள் இறங்கினார். அவர் கால் எடுத்த இடத்தில் கால் வைத்து, ஒவ்வொரு தடியாக நட்டுக்கொண்டு பின்னால் போனது மரியநாயகி.