யார்கிட்டயும் சொல்லிராதம்மா

மும்பை அலுவலகத்தின் மாடிப்படிக்கு ஓடிவந்து அழகுமீனா அம்மாவுக்குப் போன் போட்டாள். எம்.பி.ஏ. கோடை விடுமுறையில், ஓர் இன்வெஸ்ட்மென்ட் பேங்க்கில் இரண்டு மாதப் பயிற்சி. இன்று கடைசி நாள்.

"அம்மா, வேலை முடிஞ்சு கிளம்பியாச்சா?"

"ஊருக்குப் பக்கத்துல வந்துட்டோம். பட்டாசு கம்பெனி வேன் இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல, சத்தமாச் சொல்லுத்தா" என்றாள் சண்முகத்தாய்.

"ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிய வாங்கப்போகுதுன்னு சொன்னேன்ல? என்ன விலை கொடுக்கலாம்னு நான் போட்ட கணக்கைத்தான் இன்னைக்குப் பெரிய மீட்டிங்ல காட்டினாங்க. என்னையே எந்திரிச்சுப் பேசச் சொல்லிட்டாங்கம்மா!"

"ஆத்தாடி! பயமா இருந்துச்சா?"

"மொத ரெண்டு நிமிசம். அப்புறம் கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொன்னேன். படிப்பு முடிஞ்சதும் இங்கயே வேலைன்னு மேனேஜர் சொல்லிட்டார்! ஆனா லெட்டர் திங்கக்கிழமைதான் வரும். அதுவரை யார்கிட்டயும் சொல்லிராதம்மா."

"நான் ஒருத்திகிட்டயும் வாயத் தெறக்க மாட்டேன்."

மறுகணம் போனுக்குள் குலவைச் சத்தம் வெடித்தது. ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள்.

"அம்மா! யாரு அது?"

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன் ஆத்தா. ரெண்டு மாசமா நீ பேசுறத வேன்ல அம்புட்டுப் பேரும் கேட்டுக்கிட்டுத்தான் வாராக."

அதற்குள் யாரோ ஒருத்தி போனைப் பிடுங்கினாள்.

"தாயி, நான் பாண்டிச்செல்வி சித்தி. மொத வாரம் நீ அழுதப்ப நாங்களும் அழுதோம். இப்ப ஊரும் வந்திருச்சு, டிரைவரும் இஞ்சின அமத்திட்டாரு, ஒருத்தி எறங்கல. மீட்டிங்ல என்ன கேட்டாக, நீ என்ன சொன்ன? ஒண்ணு விடாமச் சொல்லு!"